ஷாக் அப்சார்பர்: 'ஹார்டா, சாஃப்டா' என்று கேட்டால் போதாது

மணமேல்குடியிலிருந்து கோட்டைப்பட்டினம் வழியாக மீமிசல் நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காருக்கு இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஊர்களுக்கு இடையே ஆடாமல் அலையாமல் ஓட வேண்டும். ஊருக்குள் வேகத்தடையில் ஏறி இறங்க வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அதை மாற்றும்போது நாம் கேட்பதெல்லாம் 'ஹார்டா, சாஃப்டா?' என்பதுதான். ஆனால் ஒரே ஷாக் மெதுவான அசைவுக்கு இறுக்கமாகவும் திடீர் அடிக்கு இளக்கமாகவும் இருக்க முடியும். நல்ல ஷாக் அப்படித்தான் இருக்க வேண்டும். அது அப்படி இருக்கிறதா என்பதை அதன் சோதனை வரைபடத்தில்தான் பார்க்க முடியும்.

டைனோ என்னும் சோதனை இயந்திரத்தில் ஷாக்கைப் பொருத்தி மேலும் கீழும் இயக்குவார்கள். 50 மில்லிமீட்டர் தூரத்துக்கு நிமிடத்துக்கு 100 சுற்று இயக்கினால், பிஸ்டனின் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 0.26 மீட்டர். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வேகத்திலும் ஷாக் எத்தனை நியூட்டன் விசையோடு எதிர்க்கிறது என்று குறிப்பார்கள். படுக்கைக் கோட்டில் வேகம், நிமிர்ந்த கோட்டில் விசை. ஷாக் நீளும்போது ஒரு கோடு, அமுங்கும்போது இன்னொன்று. பெரும்பாலான கார்களில் நீளும் கோடு அமுங்கும் கோட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். அது பிழையன்று. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஷாக் கடுமையாக எதிர்த்தால் அந்த அடி அப்படியே பயணியின் முதுகுக்குப் போகும். இறங்கும்போதோ அமுங்கிய ஸ்பிரிங் சேர்த்து வைத்த ஆற்றலை அடக்கியாக வேண்டும்.

கோட்டின் வளைவைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஷாக்குக்குள் பிஸ்டன் தள்ளும் எண்ணெய் ஒரு சிறு துளை வழியாக மட்டும் போனால், வேகம் இரண்டு மடங்காகும்போது எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அப்படிப்பட்ட ஷாக் மெல்லிய அசைவில் தொளதொளவென்றிருந்து, பள்ளத்தில் விழும்போது கல்லாகிவிடும். அதனால் பிஸ்டனில் மெல்லிய எஃகுத் தகடுகளை வால்வாக வைக்கிறார்கள். அழுத்தம் ஓரளவைத் தாண்டியதும் தகடு வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படிந்து போகும். 0.3 மீட்டர் வேகத்தில் ஒரே விசை காட்டும் இரண்டு ஷாக்குகள், 0.05 மீட்டரிலும் 1 மீட்டரிலும் முற்றிலும் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். ஒற்றை எண்ணை நம்பி வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

'இயந்திரம் சீராக ஆட்டுகிறது, சாலை அப்படி ஆட்டுவதில்லையே' என்று கேட்கலாம். சரிதான். வரைபடம் காட்டுவது ஷாக்கின் குணத்தை மட்டும். அந்தக் கோட்டில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சாலைதான் சொல்லும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டியான ஐஆர்சி 99, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கும்படி இருக்க வேண்டும் என்றது. அந்த வேகத்தில் சக்கரம் உச்சியை அடைய 0.27 நொடிகூட ஆகாது. அதன் சராசரி ஏறு வேகம் நொடிக்கு சுமார் 0.37 மீட்டர். 60 கிலோமீட்டரில் ஏறினால் 0.9 மீட்டர். விதிப்படி கட்டாத குறுகிய தடையில் இன்னும் அதிகம். வளைவில் சாய்வதும் பிரேக்கில் மூக்கு தாழ்வதும் இதற்கு மிகக் கீழே, 0.1 மீட்டரை ஒட்டியே நடக்கின்றன.

'மெக்கானிக் பானெட்டை அழுத்திப் பார்த்தால் தெரியாதா?' என்பது அடுத்த கேள்வி. எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போன ஷாக்கை அந்தக் கைச்சோதனை காட்டிக்கொடுக்கும்; அந்த அனுபவ அறிவை நாம் மதிக்க வேண்டும். ஆனால் நொடிக்கு 1.3 முறை ஆடும் காரை இரண்டு சென்டிமீட்டர் அழுத்தி விட்டால் எழும் உச்ச வேகம் 0.16 மீட்டர்தான். விதிப்படி கட்டிய வேகத்தடையின் சராசரியைக்கூட அது எட்டுவதில்லை. அதற்கு மேல் ஷாக் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியாது.

'குடும்பத்தோடு சாமானும் ஏற்றினால் ஹார்டு ஷாக்தானே நல்லது?' என்பாரும் உண்டு. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருந்த இடத்தில் 400 கிலோ ஏறினால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் சுமையோடு ஒப்பிட ஏறக்குறைய 13 விழுக்காடு குறைகிறது. கூடுதல் பிடிப்பு தேவைதான். ஆனால் அது வேண்டியிருப்பது மெதுவான வேகத்தில், நீளும் கோட்டில். அமுங்கும் கோட்டின் வேகமான முனையையும் சேர்த்து உயர்த்தினால் டயர் சாலையை விட்டு எழும். பிரேக்கும் திருப்பமும் கைவிட்டுப் போகும்.

கடலோர ஊர்களுக்கு இந்த வரைபடம் கூடுதலாக வேண்டும். உப்புக் காற்றில் பிஸ்டன் தண்டின் குரோமியப் பூச்சில் துரு விழுந்தால் அது எண்ணெய் சீலைக் கிழிக்கும். எண்ணெய் குறைந்து காற்று கலந்ததும், நகர்வையும் விசையையும் சேர்த்துக் காட்டும் முட்டை வடிவ வரைபடத்தில், திசை மாறும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். வலது இடது ஷாக்குகளின் கோடுகள் விலகிப் போகும். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வது இதனால்தான்.

'சாதாரண வாடிக்கையாளருக்கு இந்த வரைபடம் எங்கே கிடைக்கும்?' என்பதுதான் நியாயமான கேள்வி. தமிழ்நாட்டிலேயே, ஓசூரில் ஷாக் தயாரிக்கும் கேப்ரியல் இந்தியா ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அளக்கும் அறிவுக்குப் பஞ்சமில்லை. அளந்ததை வாங்குபவரிடம் சொல்லும் வழக்கம்தான் இல்லை. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அச்சாகின்றன. அதுபோல 0.05, 0.3, 1 மீட்டர் என மூன்று வேகங்களில் நீளும் விசையும் அமுங்கும் விசையும் ஷாக்கின் பெட்டியில் அச்சாக வேண்டும். ஆறே எண்கள் போதும். அடுத்த முறை ஷாக் வாங்கும்போது அந்த எண்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் அவை பெட்டியில் ஏறும்.