ஒலிவாங்கி ஊமையானால்

இணையவழி வாய்மொழித் தேர்வில், விடை அறிந்திருந்தும் குரல் சென்று சேராவிடின் மதிப்பெண் கிட்டுமோ? லினக்ஸ் மடிக்கணினியில் இவ்விடர் நேர்ந்தவுடன், இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவ முற்படுவார் சிலர். அது வேண்டுவதன்று.

குரல் மூன்று வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது, ஒலிக்கருவியை இயக்கும் ஆல்சா. இரண்டாவது, ஒலியைச் செயலிகளுக்குப் பங்கிடும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ. மூன்றாவது, நாம் பேசும் செயலி. இவற்றுள் எவ்வாயில் அடைபட்டது என்பதே வினா.

முதற்கண், விசைப்பலகையிலுள்ள விசையால் ஒலிவாங்கி அடைக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. பின்னர், முனையத்தில் ‘ஏரெக்கார்ட் -எல்’ என்னும் கட்டளையை இடுக. பட்டியலில் பதிவுக் கருவி எதுவும் இல்லையெனின், அதனை இயக்கும் மென்பொருளில் குறை இருக்கலாம்; அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றிற்குச் ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ தொகுப்பு இன்றியமையாதது. கருவி இருப்பின், ‘ஆல்சாமிக்சர்’ நிரலில் எஃப்6 விசையால் ஒலி அட்டையையும், எஃப்4 விசையால் பதிவுப் பகுதியையும் தேர்ந்து, அளவை உயர்த்துக.

அடுத்து, கணினியின் ஒலி அமைப்புகளில் உரிய ஒலிவாங்கியைத் தேர்ந்து பேசுக. அளவுமானி அசைந்தால், முதலிரு வாயில்களும் திறந்துள்ளன. இனிச் செயலிக்கு அளித்த அனுமதியையே நோக்க வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. அப்பொழுதுதான் குறை எங்கிருந்தது என்பது விளங்கும். இச்சோதனையைத் தேர்வுக்கு முந்தைய நாளே செய்து முடித்தல் நன்று.