ஒரு லீற்றர் எண்ணெயில் எத்தனை அலகு மின்சாரம்?

மின்கட்டணம் பற்றிப் பேசும்போது நாம் வழமையாகக் கேட்கும் கேள்வி, ஓர் அலகு எத்தனை ரூபா என்பதே. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தபோது ஊரெங்கும் இதுவே பேச்சாக இருந்தது. அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் டொலர் கொடுத்து இறக்கும் எண்ணெயில் எவ்வளவு மின்சாரமாகிறது, எவ்வளவு சூடாக வானத்துக்குப் போகிறது?

ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பச்சக்தி உண்டு. வினைத்திறன் 30 சதவீதமான இயந்திரம் அதிலிருந்து 3 அலகு தரும். 45 சதவீதமானது 4½ அலகு தரும். எண்ணெய் அதே எண்ணெய், விலையும் அதே விலை. வித்தியாசம் இயந்திரத்தில் இருக்கிறது.

வாயுச் சுழலியின் அமைப்பு விளங்குவதற்குக் கடினமானதல்ல. முன்னால் இருக்கும் கம்பிரசர் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்குகிறது. நடுவிலுள்ள அறையில் எரிபொருள் எரிந்து அந்தக் காற்றைச் சூடாக்குகிறது. விரிந்து பாயும் சூடான வாயு பின்னாலுள்ள சுழலியைச் சுற்றுகிறது. கம்பிரசரைச் சுற்றுவதும் இதே சுழலிதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

மின்சாரம் வழங்குவதற்கென அமைந்த முதல் வாயுச் சுழலி 1939இல் சுவிற்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் நிறுவப்பட்டது. அதன் சுழலி சுமார் 15,400 கிலோவாட் வலுவை உண்டாக்கியது. அதில் 11,400 கிலோவாட்டைக் கம்பிரசரே எடுத்துக்கொண்டது. மின்பிறப்பாக்கிக்கு மிஞ்சியது 4,000 கிலோவாட். முழு வினைத்திறன் சுமார் 17 சதவீதம்.

இதை ஒரு கடையின் கணக்காகப் பாருங்கள். வியாபாரம் 15,400 ரூபா, செலவு 11,400 ரூபா, இலாபம் 4,000 ரூபா. செலவில் 10 சதவீதம் குறைந்தால் 1,140 ரூபா மிச்சமாகும். இலாபம் 5,140 ஆகிவிடும், அதாவது 28 சதவீதத்துக்கும் மேலான உயர்வு. செலவு 10 சதவீதம் கூடினால் இலாபம் அதே அளவு சரியும். கம்பிரசரின் அலகுகளில் தூசும் கடற்கரை உப்பும் படிந்தால் நடப்பது இதுதான். காற்று வடிகட்டிகளை மாற்றுவதும், கம்பிரசரை ஒழுங்காகக் கழுவுவதும் சில்லறை வேலைகளல்ல. அவை நேரடியாக எண்ணெய்ச் செலவைத் தொடும் வேலைகள்.

இரண்டாவது வழி வெப்பநிலையை உயர்த்துவது. வெப்ப இயந்திரம் எதுவும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு என்பதை 1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ காட்டினார். நியூஷாட்டல் சுழலிக்குள் நுழைந்த வாயுவின் வெப்பநிலை சுமார் 550 பாகை செல்சியஸ். வெளிச்சூழல் 30 பாகை என்று கொண்டால் அந்த எல்லை 63 சதவீதம். இன்றைய பெரிய சுழலிகளில் 1,600 பாகை வரை போகிறார்கள், எல்லை 84 சதவீதமாகிறது. நடைமுறையில் எந்த இயந்திரமும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. ஆனாலும் எல்லை உயர உயர, அடையக்கூடியதும் உயர்கிறது.

1,600 பாகையில் சுழலியின் உலோகமே உருகிவிடும் அல்லவா? உருகத்தான் செய்யும். அதனால் நிக்கல் கலப்புலோக அலகுகளுக்குள் நுண்ணிய துளைகள் வழியே குளிர்ந்த காற்றை அனுப்புகிறார்கள், மேலே பீங்கான் வகைப் பூச்சொன்றும் இடுகிறார்கள்.

மூன்றாவது வழி, வெளியேறும் வெப்பத்தை விடாமல் பிடிப்பது. சுழலியிலிருந்து வெளிவரும் புகை 500 பாகைக்கும் மேல் சூடாக இருக்கும். அதைக் கொண்டு நீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் இன்னொரு சுழலியைச் சுற்றலாம். இதுவே கூட்டுச் சுற்று முறை. வாயுச் சுழலி 100 பங்கில் 40ஐ மின்சாரமாக்கினால் மீதி 60. அதில் மூன்றிலொன்றை நீராவி மீட்டால் மொத்தம் 60 சதவீதம். பிரான்சின் பூஷேன் நிலையம் 2016இல் 62.22 சதவீதத்தை எட்டியது.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. கெரவலப்பிட்டிய யுகதனவி நிலையம் 2008இல் வாயுச் சுழலிகளுடன் சுமார் 200 மெகாவாட்டில் தொடங்கியது. 2010இல் நீராவிப் பகுதி இணைந்ததும் 300 மெகாவாட் ஆனது. கூடிய 100 மெகாவாட்டும், முன்பு வீணாகப் போன புகையின் வெப்பத்திலிருந்து வந்தது.

ஆயினும் தனிச் சுழலிகள் தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. அவை சில நிமிடங்களில் இயங்கத் தொடங்கும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சத் தேவை நேரத்திலும், திடீர்த் தடங்கலின்போதும் அவை கைகொடுக்கும். அவசரத்துக்கென வைத்த இயந்திரத்தை, மழை பொய்த்த மாதங்களில் நாள் முழுவதும் ஓட்டும்போதுதான் எண்ணெய்க் கணக்கு கைமீறுகிறது. எமது காலநிலையும் ஒரு காரணி. சுழலிகளின் கொள்ளளவு 15 பாகைக் காற்றுக்கே குறிக்கப்படுகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், 30 பாகை வெயிலில் அதே இயந்திரம் குறைவான வலுவையே தரும்.

ஆகவே புதிய மின்னிலையம் ஒன்று அறிவிக்கப்படும்போது "எத்தனை மெகாவாட்?" என்பதோடு நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்போம். அதன் வினைத்திறன் எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடப்போகிறது? பராமரிப்புக்குப் பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஒதுக்கப்பட்டிருக்கிறார்களா? கட்டணப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. மூன்றாவது கேள்விக்கு விடையாக, உயர்தரத்தில் பௌதிகவியலும் பொறியியல் தொழில்நுட்பமும் கற்கும் எமது பிள்ளைகள் வர முடியும். அந்தப் பாடங்களைக் கடினம் என்று ஒதுக்கிவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.