வைஃபை தாண்டாத சுவரை மின்சார வயர் தாண்டுமா? மலை வீடுகளுக்கு பவர்லைன் அடாப்டர்... வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

"ஹால்ல நெட் பறக்குது. உள் ரூமுக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்கு." மஞ்சூர், குன்னூர், கோத்தகிரி என நீலகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பலருக்கும் பழகிப்போன பிரச்னை இது. ஃபைபர் இணைப்பு வாசல் வரை வந்துவிடும். ரவுட்டர் முன்னறையில் இருக்கும். ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் பேச வேண்டிய பின்னறைக்கு சிக்னல் வந்து சேராது.

காரணம் பெரும்பாலும் சுவர்தான். பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் கருங்கல் சுவர்கள் தடிமனாக இருக்கும். நடுவில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வேறு. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால், இப்படிப்பட்ட இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும். ஆனால், வேகம் குறைவு.

சுவரைத் துளைத்து கேபிள் இழுக்கலாம். வாடகை வீடு என்றாலோ, கம்பெனி குவார்ட்டர்ஸ் என்றாலோ அதற்கு அனுமதி கிடைக்காது. அப்போதுதான் ஆன்லைன் கடைகளில் 'பவர்லைன் அடாப்டர்' கண்ணில் படும். "பிளக்கில் மாட்டினால் போதும், வீடு முழுக்க நெட்" என்று விளம்பரம் சொல்லும். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். அது உண்மையிலேயே கைகொடுக்குமா?

சில வீடுகளில் அருமையாகக் கைகொடுக்கும். சில வீடுகளில் காசு வீண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் வாங்கும் பெட்டியைவிட உங்கள் வீட்டு வயரிங்கில்தான் இருக்கிறது.

பவர்லைன் அடாப்டர் என்றால் என்ன?

செல்போன் சார்ஜரைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பெட்டிகள். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்தில் உள்ள பிளக்கில் மாட்டி, ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளால் இணைக்க வேண்டும். இன்னொன்றை நெட் தேவைப்படும் அறையில் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்சார வயரே நெட்வொர்க் கேபிளாகிவிடும்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். இது இன்டர்நெட் இணைப்பு அல்ல. ரவுட்டருக்கு வந்துவிட்ட நெட்டை வீட்டுக்குள் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். ரவுட்டரிலேயே நெட் இழுக்கிறது என்றால் இதை வாங்கிப் பயனில்லை.

கரன்ட்டும் நெட்டும் ஒரே வயரில் எப்படி?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 சுழற்சிகள் மட்டுமே. பவர்லைன் அடாப்டர் அனுப்பும் சிக்னலோ நொடிக்கு 20 லட்சம் முறைக்கும் மேல் துடிப்பது. ஹோம்பிளக் ஏவி2 என்ற தரத்தில் இது 2 முதல் 86 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதால், மறுமுனையில் உள்ள பெட்டி மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு டேட்டாவை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

யோசனை புதிதல்ல. மஞ்சூரைச் சுற்றியுள்ள குந்தா நீர்மின் திட்டம், 1950களின் பிற்பகுதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியுடன் கட்டத் தொடங்கப்பட்டது. இதுபோன்ற மின் நிலையங்களுக்கும் துணை மின் நிலையங்களுக்கும் இடையே, உயர் அழுத்த மின்கம்பியிலேயே தொலைபேசிப் பேச்சையும் பாதுகாப்பு சிக்னல்களையும் அனுப்பும் முறையை உலகம் முழுக்க மின் வாரியங்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளன. பெரிய துணை மின் நிலையங்களில் கம்பியோடு பீப்பாய் வடிவத்தில் ஒரு சுருள் தொங்குவதைப் பார்த்திருக்கலாம். சிக்னல் தேவையில்லாத பக்கம் போகாமல் தடுப்பது அதன் வேலை.

அதை வீட்டு அளவுக்குச் சுருக்கிக் கொண்டுவந்தது ஹோம்பிளக் தரம். 2001ல் வந்த முதல் பதிப்பின் உச்ச வேகம் 14 எம்பிபிஎஸ். 2005ல் வந்த ஹோம்பிளக் ஏவி 200 எம்பிபிஎஸ் வரை போனது. இப்போது அதன் அடுத்த தலைமுறையான ஏவி2, 'ஜி.எச்.என்' என்ற வேறொரு தரம் ஆகிய இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன.

பெட்டியில் 1000... கையில் எவ்வளவு?

பெட்டியில் 600, 1000, 2000 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது ஆய்வகச் சூழலில் வயரில் ஓடக்கூடிய மொத்த வேகம். போகும் டேட்டா, வரும் டேட்டா, தவறுகளைத் திருத்தும் டேட்டா எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல வயரிங் என்று அர்த்தம். பல வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் கீழேகூட இறங்கும்.

இன்னொரு பொடி எழுத்து விஷயம். 600 என்று போட்ட பல மாடல்களில் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. உள்ளே எவ்வளவு வேகமாக ஓடினாலும் வெளியே வருவது 100ஐத் தாண்டாது. வாங்கும் முன் 'கிகாபிட் போர்ட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

அதேசமயம், தேவையையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு ஹெச்டி வீடியோ காலுக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். பின்னறையில் விட்டுவிட்டுக் கிடைக்கும் வேகமான வைஃபையைவிட, அறுபடாமல் கிடைக்கும் 40 எம்பிபிஎஸ் ஆபீஸ் வேலைக்கு மேல்.

வாங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் முன்னறை ஒரு ஃபேஸிலும் பின்னறை இன்னொரு ஃபேஸிலும் இருக்கலாம். ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு சிக்னல் தாவுவது நிச்சயமில்லை. தாவினாலும் பலவீனமாக இருக்கும். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்த ரெண்டு ரூம் பிளக்கும் ஒரே ஃபேஸ்லதான் வருதா?" என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தெளிவாகிவிடும்.

2. வயரிங்கின் வயது. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர், கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், ஈரம் ஏறிய சுவிட்ச் போர்டு. இவை ஒவ்வொன்றும் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். பிளக்கில் பொறி பறக்கிறது, போர்டு சூடாகிறது என்றால் அடாப்டரை மறந்துவிட்டு முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள். அது நெட் பிரச்னை அல்ல, உயிர்ப் பிரச்னை.

3. எர்த் இருக்கிறதா? ஏவி2 வகையின் மேம்பட்ட மாடல்கள் ஃபேஸ், நியூட்ரல் ஆகியவற்றோடு எர்த் வயரையும் சிக்னலுக்குப் பயன்படுத்தும். எர்த் இல்லாத பிளக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்த வேகம் கிடைக்காது. ஆன்லைனில் வரும் பல அடாப்டர்கள் ஐரோப்பிய, பிரிட்டிஷ் பிளக்கோடு வருகின்றன. நம் ஊர் மூன்று முள் சாக்கெட்டுக்கு ஏற்ற மாடலாகப் பார்த்து வாங்குவதே நல்லது. ஆடும் கன்வெர்ட்டர் பிளக்கை நம்ப வேண்டாம்.

4. இன்வெர்ட்டர் லைன் எது? மலையில் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கரன்ட் போனால் என்ன ஆகும்?

தென்மேற்குப் பருவமழையில் குந்தா பகுதியில் மரம் விழுவதும் கம்பி அறுவதும் வழக்கம். 2019 ஆகஸ்ட்டில் மஞ்சூருக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் கரன்ட் போகாத வாரம் அபூர்வம்.

ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் "நமக்கென்ன கவலை" என்று நினைக்கலாம். ஆனால், அந்த மினி யூபிஎஸ் தருவது ரவுட்டருக்கான குறைந்த வோல்ட் மின்சாரம் மட்டுமே. பவர்லைன் அடாப்டர் இரண்டுக்கும் 230 வோல்ட் வேண்டும். கரன்ட் போனதும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பின்னறையில் நெட் நின்றிருக்கும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் எல்லா பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. லைட், ஃபேன், ஒன்றிரண்டு பிளக் மட்டுமே அதில் வரும். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் இன்னொன்று நேரடி லைனிலும் இருந்தால், கரன்ட் இருக்கும்போதே சிக்னல் இன்வெர்ட்டரைச் சுற்றி வரத் திணறும். கரன்ட் போனால் ஒரு பக்கம் அணைந்தே போய்விடும். எனவே ரவுட்டர், ஃபைபர் மோடம், இரண்டு அடாப்டர்கள் எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். அடாப்டர் சில வாட் மின்சாரம்தான் எடுக்கும், பேட்டரிக்குச் சுமையில்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதன் இரைச்சலால் வேகம் குறையலாம். சைன் வேவ் வகை பாதுகாப்பானது.

வாங்கும் முன் இதைச் சோதிப்பது சுலபம். இன்வெர்ட்டர் ஓடும்போது மெயினை அணைத்துவிட்டு, இரண்டு அறையின் பிளக்கிலும் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் சார்ஜ் ஏறினால் பாதை சரி.

எந்த மாடல் வாங்கலாம்?

* பின்னறையில் ஒரு லேப்டாப் மட்டும் என்றால், ஈதர்நெட் போர்ட் மட்டும் உள்ள சாதாரண ஜோடி போதும். விலையும் குறைவு.
* செல்போன், டேப்லெட்டுக்கும் நெட் வேண்டும் என்றால், இரண்டாவது பெட்டியிலேயே வைஃபை உள்ள மாடலைப் பாருங்கள்.
* பிளக் பாயின்ட் குறைவான பழைய வீடு என்றால், முகப்பில் இன்னொரு சாக்கெட் உள்ள 'பாஸ் த்ரூ' மாடல் உதவும். அதில் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். ரூம் ஹீட்டர், கெய்சரை அதில் மாட்டாதீர்கள்.
* ஏவி, ஏவி2 பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும். ஜி.எச்.என் வகை அவற்றோடு பேசாது. பிற்பாடு மூன்றாவது பெட்டி வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். உங்கள் வயரிங்குக்கு இது ஒத்துவருமா என்பது மாட்டிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர், யூபிஎஸ் வழியாக மாட்டினால், அவற்றுக்குள் இருக்கும் ஃபில்டர் சிக்னலையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும்.

மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, தரமில்லாத சார்ஜர் ஆகியவை வயரில் இரைச்சலைக் கிளப்பும். காலையில் சட்னி அரைக்கும் நேரத்தில் மட்டும் மீட்டிங் விக்கினால் சந்தேகம் மிக்ஸி மீதே போகட்டும். அடுப்படி போர்டிலிருந்து தள்ளி வேறு பிளக்குக்கு மாற்றிப் பாருங்கள்.

முதலில் இரண்டு பெட்டிகளையும் ஒரே அறையில் மாட்டி இணைத்து, லேப்டாப்பில் வேகத்தைச் சோதியுங்கள். பிறகு பின்னறைக்குக் கொண்டுபோங்கள். ஒரே அறையில் நன்றாக ஓடி, பின்னறையில் படுத்துவிட்டால் பெட்டியில் குறையில்லை, பாதையில்தான் குறை. அந்த அறையிலேயே இன்னும் இரண்டு பிளக்கில் முயன்று பார்க்கலாம். இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரோடு சேர்த்து அடாப்டர்களையும் கழற்றிவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுக்கு நம் நெட் போகுமா?

போக வாய்ப்புண்டு. மீட்டர் பெட்டி சிக்னலை முழுவதும் தடுக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளிலும், வரிசையாக வீடுகள் அமைந்த படுகர் ஹட்டிகளிலும் ஒரே மின்பாதையில் அடுத்தடுத்த இணைப்புகள் இருக்கும். பக்கத்து வீட்டிலும் பவர்லைன் அடாப்டர் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளலாம்.

அடாப்டர்கள் 128 பிட் குறியாக்கம் செய்துதான் டேட்டாவை அனுப்புகின்றன. ஆனால், ஆலையிலிருந்து வரும்போது பல பெட்டிகளில் ஒரே பொதுச் சாவி இருக்கும். பெட்டியில் உள்ள 'பேர்' பட்டனை ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் இன்னொன்றிலும் அழுத்தினால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகிவிடும். ஆபீஸ் ஃபைல்களைக் கையாள்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

எப்போது வேண்டவே வேண்டாம்?

கேபிள் இழுக்க வழியிருந்தால் முதல் தேர்வு அதுதான். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகத்தில் போகும். கதவு ஓரமாகவோ சீலிங் வழியாகவோ ஒரு வயர் போனால் பரவாயில்லை என்பவர்களுக்கு செலவும் குறைவு, தலைவலியும் குறைவு. சுவர்கள் மெல்லிய செங்கல் சுவர் என்றால் மெஷ் வைஃபை நன்றாக வேலை செய்யும்.

தோட்டத்தின் மறுபக்கத்தில் உள்ள தனிக் கட்டடத்துக்கு நெட் வேண்டும் என்றால் மீட்டரைப் பாருங்கள். ஒரே மீட்டர் என்றால் முயன்று பார்க்கலாம். தனித்தனி மீட்டர் என்றால் நம்ப வேண்டாம். அங்கே ஃபைபர் கேபிள் இழுப்பதே நல்லது. திறந்தவெளியில் ஓடும் செம்புக் கேபிள்போல அது மின்னலை வீட்டுக்குள் கொண்டுவராது.

சுவர் தடிமன், துளையிட முடியாது, வயரிங் ஓரளவு புதிது, இரண்டு அறையும் ஒரே ஃபேஸில், ஒரே இன்வெர்ட்டர் லைனில். இவை எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாக ஆர்டர் போடலாம். ஒன்றுக்காவது 'தெரியாது' என்றால், ஆர்டர் போடும் முன் எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.