வெளியே சாப்பிடப் போகலாமா?

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் உங்கள் வீட்டில் என்ன வாக்குவாதம் நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இரத்தோட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது, ஹோட்டலுக்குப் போவதா வேண்டாமா என்பதுதான்.

ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு போட்ட ஊரடங்கு, ஒக்டோபர் முதலாம் திகதி விடிகாலை நான்கு மணிக்குத்தான் தளர்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் நாட்டில் நாளொன்றுக்கு இருநூறு பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். நம் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கடைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் எல்லா ஆசனங்களிலும் ஆள் இருக்கக்கூடாது என்றார்கள். மாகாணம் விட்டு மாகாணம் போகத்தான் தடை இருந்தது. நாங்கள் மாத்தளை டவுனுக்குப் போய்வர யாரும் குறுக்கே நிற்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொத்து ரொட்டி வேண்டும். அவர்களின் வாப்பா, "பார்சல் எடுத்துட்டு வாரேன்" என்றார். மாமிக்கு எழுபது கடந்துவிட்டது, சீனி வருத்தமும் உண்டு. சினோபார்ம் ஊசி இரண்டும் போட்டிருந்த தைரியத்தில், "நானும் வாரேன்" என்று அவரும் புறப்பட்டார்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்களா? போக வேண்டும் என்ற பக்கம்தான். ஒன்றரை வருடமாக மூன்று வேளையும் அடுப்படியில் நின்றவள், யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் குற்றமா?

ஆனால் மாமியை நினைத்தால் வயிறு கலங்கியது. 2020இன் தொடக்கத்திலிருந்தே அவருக்குத் தனிப் பீங்கான், தனிக் கோப்பை, தனி மேசை. பேரப்பிள்ளைகளோடு ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர் அவர். சஹனைத்தான் நாம் முதலில் குற்றவாளியாக்கினோம் அல்லவா? மரக்கறியைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோமே!

சீனாவின் குவாங்சோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஜனவரி 24, அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்திய நாள். ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் பகலுணவு உண்டன. ஒரு குடும்பம் வூஹானிலிருந்து வந்தது. மேசைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளி இருந்தது. ஒருவர் பீங்கானில் மற்றவர் கை வைக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. அதே தளத்தில் பரிமாறிய பணியாளர்களுக்கு வரவில்லை. காரணம் என்ன? அந்த இடத்தில் சன்னல் இல்லை. ஏசி இயந்திரம் அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று அங்கே மிகக் குறைவு என்று பின்னர் அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இனி நம் முஸ்லிம் ஹோட்டல்களின் 'பெமிலி ரூமை' நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு, முன்னால் திரை, மேலே ஒரு மின்விசிறி. முகம் மூடும் சகோதரிக்கு அந்தத் திரை தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சுவிட்ட காற்றும் அந்தத் திரைக்குள்ளேதானே நிற்கும்? மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசும் இடமும் அதுதான். கண்ணுக்கு மிகப் பாதுகாப்பாகத் தெரிந்த அந்த அறைதான் கொரோனாவுக்கு மிக வசதியாக இருந்திருக்கும்.

நாங்கள் போன கடையிலும் முதலில் அந்த அறையைத்தான் காட்டினார்கள். "நானா, வெளியே காத்துப் படுற இடம் இல்லையா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பின்பக்கத் தாழ்வாரத்தில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டுத் தந்தார். பெண்கள் நாங்கள் வெளிப்பக்கம் பார்த்து அமர்ந்தோம். காற்று வரும் ஓரத்தில் மாமியை இருத்தினோம். வழியில் போவோர் யாருக்கும் எங்கள் முகம் தெரியவில்லை. இதைக் கேட்க இவ்வளவு நாள் ஏன் வெட்கப்பட்டேன் என்றிருந்தது.

பால் தேநீர் கேட்டோம், இல்லை என்றார்கள். பால்மாத் தட்டுப்பாடு. அந்த மாதமே கேஸ் சிலிண்டரின் விலையும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறியது. பில்லைப் பார்த்த பிள்ளைகளின் வாப்பா, பார்சலே நல்லது என்று மறுபடி ஆரம்பித்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

மாமி கொத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார். சின்னவன் தன் பீங்கானை அவர் பக்கம் தள்ளி, "வாப்பும்மா, இதுல ஒரு துண்டு எடுங்க" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் மாமிக்கு ஒரு தும்மல் வந்தால்கூட என் நெஞ்சு திக்கென்றது. ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அது எங்கள் கெட்டித்தனம் என்று சொல்ல மாட்டேன். கவனமாக இருந்த எத்தனையோ வீடுகளிலும் மவுத்து நடந்தது.

இப்போதும் வீட்டில் யாருக்காவது தடிமன், காய்ச்சல் என்றால் எங்கள் ஹோட்டல் பயணம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போகும். போகும் நாளில், உள்ளே நுழைந்ததும் சன்னல் எங்கே என்று மாமிதான் முதலில் கேட்பார்.