பசளைப் பணம் யாருடைய கணக்கில் விழுகிறது?

சகோதரிகளே, நெல் விதைக்கும் எமக்குப் பசளை மானியம் புதிய விடயமல்ல. 2010இல் நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது மானிய விலையில் 50 கிலோ மூட்டை 350 ரூபா. யார் எத்தனை மூட்டை ஏற்றிச் சென்றார் என்பதை ஊரே கண்டது. 2016இல் மூட்டைக்குப் பதிலாகப் பணம் தந்தார்கள். 2018இல் மீண்டும் மூட்டை வந்தது. 2021இல் இரசாயனப் பசளைக்கே தடை வந்து விளைச்சல் வீழ்ந்தது. அதன்பின் மறுபடியும் பணம்தான். 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, கூடியது 2 ஹெக்டேயருக்கு என்று அரசு அறிவித்தது. இந்தப் பணம் நேரே வங்கிக்குப் போகிறது. மூட்டை கண்ணுக்குத் தெரிந்தது. பணம் தெரிவதில்லை.

எனது வயல் 2 ஏக்கர். கணக்குப்படி ஏறத்தாழ 20,000 ரூபா வரவேண்டும். வரவில்லை. கேட்டபோது, “போட்டாயிற்று, வங்கியில் பாருங்கள்” என்றார்கள். கணவரை இழந்த இன்னும் இரண்டு பேருக்கும் இதே பதில். மூவரும் சேர்ந்து, எமது வயல்வெளியில் பதிவானவர்களின் பெயர், காணி அளவு, வழங்கிய தொகை ஆகியவற்றை எழுத்தில் கேட்டோம். பட்டியல் வந்தது. முன்பு குத்தகைக்குச் செய்தவரின் பெயரிலேயே எனது வயல் இருந்தது. மற்றவருடையது, இறந்துபோன கணவரின் பெயரில். பட்டியல் கையில் இருந்தபடியால் எவரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த போகத்துக்குப் பதிவைத் திருத்தினார்கள். போன போகத்துப் பணம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

“பெயர் வெளியில் வந்தால், தனியே இருக்கும் பெண்ணுக்குக் கரைச்சல் இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விவசாய மானியம் பெறுவோரின் பெயரையும் தொகையையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். சிறிய தொகை, பெரிய தொகை என்று பாராமல் தனியாட்கள் எல்லோருடைய விபரத்தையும் வெளியிடுவது மிகை என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது 1,250 யூரோ வரை பெறுவோரின் பெயரை அங்கு வெளியிடுவதில்லை. வங்கி இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ எமக்கும் தேவையில்லை. பெயர், காணி அளவு, தொகை ஆகிய மூன்றும் போதும்.

விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்துக்குப் போய், உங்கள் வயல் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். கடிதம் கொடுத்தால் அதற்குரிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.