லாக்-இன் திரையில் யார் அது?

உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் பல வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது பள்ளிக்கூடம் வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் அது. பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குப் போகும். தம்பி வேலைக்குக் கிளம்பியதும் சித்தப்பா மகன் கைக்குப் போகும். நடுவில் ஹார்டு டிஸ்க் மாறியிருக்கும், டவுன் சர்வீஸ் கடைக்காரர் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்திருப்பார். இப்படிப் பல கை பார்த்த பெட்டியில் ஒருநாள் லாக்-இன் திரையில் முன்பின் தெரியாத ஒரு கணக்கின் பெயர் தென்பட்டால், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறி, உடனே அழிக்கத்தான் கை போகும். அழிக்க வேண்டாம். முதலில் அது யாருடையது என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குக் காசும் வேண்டாம், சாஃப்ட்வேரும் வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறந்து, 'நெட் யூசர்' என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் தட்டினால் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளின் பட்டியல் வந்துவிடும். லாக்-இன் திரையை மட்டும் நம்பக் கூடாது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு சிறு மாற்றம் செய்து ஒரு கணக்கை அந்தத் திரையில் தெரியாமல் மறைக்க முடியும்; இந்தப் பட்டியலில் அது தெரியும்.

பட்டியலில் வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருக்கும். 'டபிள்யூ.டி.ஏ.ஜி. யூடிலிட்டி அக்கவுண்ட்' என்பதைப் பார்த்து மிரளாதவர் குறைவு. அது விண்டோஸ் 10இல் பாதுகாப்பு வேலைக்காக மைக்ரோசாஃப்டே வைத்தது. 'டிஃபால்ட் அக்கவுண்ட்', 'கெஸ்ட்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்' மூன்றும் கூடவே பிறந்தவை, வழக்கமாக முடக்கப்பட்டே இருப்பவை. 'டிஃபால்ட்யூசர்0' என்பது விண்டோஸை நிறுவும்போது தற்காலிகமாக உருவாகி, அழியாமல் தங்கிவிட்ட மிச்சம். பழைய விண்டோஸ் 7 மெஷினில் 'ஹோம்குரூப்யூசர்' இருக்கும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதில் 'அப்டேட்டஸ்யூசர்' இருந்தது. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதைத் திறந்தால் 'டீமன்', 'நோபடி' என்று இன்னும் நீளமான பட்டியல். எல்லாம் மெஷின் தன் வேலைக்கு வைத்துக்கொண்டவை.

அடுத்தது, நமக்கு நாமே அந்நியராகிவிடும் கதை. சர்வீஸ் கடையில் விண்டோஸ் போடும்போது 'அட்மின்', 'யூசர்', 'பிசி' என்று கைக்கு வந்த பெயரை வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நாம் கண்ட்ரோல் பேனலில் அதை நம் பெயராக மாற்றுவோம். திரையில் நம் பெயர் வரும். உள்ளே, கணக்கின் அசல் பெயரும் சி டிரைவில் உள்ள ஃபோல்டரின் பெயரும் 'அட்மின்' ஆகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸை அமைத்தால் வேறொரு கூத்து: மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் நறுக்கி ஃபோல்டருக்குப் பெயராக வைத்துவிடும். நம்முடையதைத்தான் அந்நியம் என்று அழிக்கப் போகிறோம். விண்டோஸ் செட்டிங்ஸ் வழியாக ஒரு கணக்கை நீக்கினால் அதிலுள்ள போட்டோக்களும் ஃபைல்களும் சேர்ந்தே போய்விடும் என்பதால் இது விளையாட்டல்ல. இதற்கும் ஒரு கட்டளை உண்டு: 'ஹூஆம்ஐ'. நான் யார் என்று ரமணர் கேட்ட கேள்விதான்; கம்ப்யூட்டர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது.

இத்தனையும் கழித்த பிறகு ஒரு பெயர் மிஞ்சினால், வீட்டில் கேளுங்கள். லீவுக்கு வந்த அத்தை மகன் கேம் விளையாடத் தொடங்கிய கணக்காக இருக்கலாம். யாரும் இல்லை என்றால் 'நெட் யூசர்' என்பதற்குப் பின் இடைவெளி விட்டு அந்தப் பெயரையும் தட்டுங்கள். கணக்கு செயல்படுகிறதா, கடைசியாக எப்போது நுழைந்தார்கள், பாஸ்வேர்டு எப்போது வைக்கப்பட்டது, அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் உள்ளதா என எல்லாம் வரும். உருவான நேரம் வேண்டுமானால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரில், செக்யூரிட்டி பதிவில் 4720 என்ற எண்ணைத் தேட வேண்டும். அதை உருவாக்கியது எந்தக் கணக்கு என்பதும் அங்கே இருக்கும். அந்தப் பதிவேட்டின் வழக்கமான கொள்ளளவு 20 எம்.பி. மட்டுமே, நிரம்பியதும் பழையது அழியும். ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

என் கணிப்பில், விநோதமான பெயரைவிட 'சப்போர்ட்', 'அட்மின்1' போன்ற சாதுவான பெயர்தான் சந்தேகத்துக்குரியது. திருட்டுத்தனமாக நுழைபவர் கண்ணை உறுத்தும் பெயரை வைக்கமாட்டார். அவர் நுழைவதும் பெரும்பாலும் நம் கையாலேயே. வங்கியிலிருந்து பேசுகிறேன், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்பார். தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார். நாமும் அதில் வரும் எண்ணைப் படித்துக் காட்டுவோம். எனிடெஸ்க் செயலியைக் கொண்டு இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. கிராக் செய்த விண்டோஸ், ஆக்டிவேட்டர் வழியாகவும் அவர் வரலாம். ஒருமுறை உள்ளே வந்தவர், மறுபடி வருவதற்காகத் தனிக் கணக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போவதுண்டு.

அப்படிப்பட்டது என்று தெரிந்தால் முதலில் வைஃபையை நிறுத்துங்கள். உங்கள் கணக்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே அடுத்த வேலை. இல்லாவிட்டால் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதையாகிவிடும். பிறகு அந்தக் கணக்கை அழிக்காமல் முடக்குங்கள். திரையை போனில் படமெடுத்து வையுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் உதவும்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவில் இப்படித் திருட்டுத்தனமாக நுழைவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் அல்லாமல் வேறு கருவியில் மாற்ற வேண்டும்.

பணம் போயிருந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. மெஷினைப் பொறுத்தவரை, விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி போடுவதே நல்லது. பென் டிரைவில் போட்டோவையும் டாக்குமெண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஃபைல் எதையும் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். கடையில் கொடுப்பதாக இருந்தால் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கேயே உட்கார்ந்து நீங்களே தட்டிவிட்டு வாருங்கள்.