பல்லில் எழுதிய ஆண்டு

விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது எங்கள் ஊர் வழக்கம். தொண்டைமானாற்றில், சந்நிதி கோயிலின் மணி ஓசை தெளிவாகக் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. என் மகளின் கீழ்வரிசைப் பல் விழுந்த அன்று, எறிவதற்கு முன் அதை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. வேர் கரைந்து போனதால் அடியில் ஒரு குழி. மேற்பக்கத்தில் சிப்பியின் உட்புறம் போல ஒரு மினுக்கம். அந்த மினுக்கத்துக்கு எனாமல் என்று பெயர். அவள் பிறந்த காலம் அதற்குள் பதிவாகியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள்.

எழுதியது காபன். நாம் மூச்சாக விடும் காபனீரொட்சைட்டில், சோற்றில், மீனில், விறகில் எல்லாம் இருக்கும் அதே காபன்தான். அதன் அணுக்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடிக்கு ஒன்று காபன்-14 என்னும் சமதானியாக இருக்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நைதரசனைத் தாக்கும்போது அது உருவாகிறது. மரம் அதை இலையால் எடுக்கிறது, மரத்தைத் தின்னும் உயிர் வாயால் எடுக்கிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும். மிச்சமிருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் இறந்து எவ்வளவு காலம் என்று சொல்லிவிடலாம் என 1940களின் பிற்பகுதியில் வில்லார்ட் லிபி என்னும் அமெரிக்க வேதியியலாளர் காட்டினார். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லிபியின் மணிக்கூடு நூற்றாண்டுக் கணக்கில் ஓடுவது. நேற்றையதையும் முந்தாநாளையதையும் அதனால் பிரித்தறிய முடியாது. அதைத் திருத்திக் கொடுத்தவர்கள் அணுகுண்டுக்காரர்கள், தாங்கள் அறியாமலே. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பசிபிக் தீவுகளிலும் வடதுருவத் தீவுகளிலும் வானத்தில் குண்டுகளை வெடித்துப் பார்த்தன. வளிமண்டலத்தின் காபன்-14 அளவு கிட்டத்தட்ட இரு மடங்காயிற்று. 1963இல் வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை வந்த பிறகு அந்த அளவு மெல்ல மெல்ல இறங்கியது. கடலும் காடும் உறிஞ்சின, நிலக்கரிப் புகை அதை ஐதாக்கியது. ஆகவே 1955க்குப் பிந்திய ஒவ்வொரு ஆண்டுக்கும் காற்றில் தனக்கென ஓர் அளவு உண்டு. பிகினித் தீவில் வெடித்த குண்டின் தடம் தொண்டைமானாற்றில் பிறந்த குழந்தையின் பல்லிலும் விழுந்தது.

எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படியில்லை. ஒருமுறை உருவாகிவிட்டால் சாகும்வரை மாறாது. 2005இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் யோனாஸ் ஃபிரிசேனும் பல்லின் எனாமலில் உள்ள காபன்-14ஐ அளந்து, அந்த மனிதர் பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிழையோடு சொல்லலாம் என்று காட்டினார்கள். காற்றின் அளவு ஏறி இறங்கியதால் ஒரே அளவு இரண்டு வெவ்வேறு ஆண்டுகளைக் காட்டக்கூடும். அதற்கும் வழி உண்டு. முதற் கடைவாய்ப்பல்லின் முடி மூன்று வயதளவில் உருவாகி முடியும், ஞானப்பல்லின் முடி பதின்ம வயதில்தான் முடியும். இரண்டையும் ஒப்பிட்டால் ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எங்கள் குடாநாட்டிலேயே, மனிதப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்ட செம்மணி இருக்கிறது. பொறியியலாளர் ஆறுமுகத்தின் குடாநாட்டு நன்னீர்த் திட்டத்தில் கடல்நீரைத் தடுக்கச் சில வாய்களை அடைக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று தொண்டைமானாறு, இன்னொன்று செம்மணிக்கு அருகே அரியாலை. இங்குள்ள அணைக்கதவுகளை எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அரியாலையின் பெயர் 2025இல் உலகமெங்கும் கேட்டது.

1996 செப்டெம்பரில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அந்தக் கொலைகளுக்காக 1998 யூலையில் கொழும்பில் மரணதண்டனை விதிக்கப்பட்ட படையினருள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 பேர்வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மன்றில் எழுந்து சொன்னார். 1999இல் தோண்டினார்கள். 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. இருவர் அடையாளம் காணப்பட்டனர். 2000இல் படையினர் சிலர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தனர். அதன்பின் கோப்பு நகரவில்லை. 2025 பெப்ரவரியில், செம்மணியை அடுத்த அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் எரிமேடை கட்ட வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. நீதவானின் உத்தரவில், பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தொல்லியல் குழுவோடு நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வெளிவந்தன. பால் போத்தலும் பொம்மையும் வளையலும் கிடைத்தன. எஸ் 25 என்று இலக்கமிட்ட என்புத் தொகுதியோடு ஒரு நீலப் புத்தகப்பை இருந்தது. அது நான்கைந்து வயதுப் பிள்ளையினுடையது.

சிந்துபாத்தி வெகுகாலமாக மயானமாக இருந்துவரும் இடம். அங்கே எலும்பு கிடைப்பதில் என்ன வியப்பு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு விடை சொல்ல விவாதம் தேவையில்லை. எலும்பிலோ பல்லிலோ குண்டுக்காலக் காபன் இருந்தால் அந்த மனிதர் 1955க்குப் பிறகு வாழ்ந்தவர், முடிந்தது. ஒரு பிள்ளையின் எனாமல் 1992ஐக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் முளைத்த ஒழுங்கும் எலும்பின் வளர்ச்சியும் நான்கு வயது என்று சொன்னால், இறந்த ஆண்டு 1996ஐ ஒட்டியது. கூட்டல் கணக்கு தெரிந்த எவருக்கும் விளங்கும் சாட்சியம் இது.

மன்னாரில் நடந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018இல் சதொச விற்பனை நிலையக் கட்டடம் கட்ட வெட்டிய நிலத்தில் 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: 1499க்கும் 1719க்கும் இடைப்பட்ட காலம். அத்தோடு தோண்டுவதும் நின்றது. ஆய்வுகூடம் பிழை என்று நான் சொல்லவில்லை. தனக்குத் தரப்பட்டதை அது அளந்து சொன்னது. ஆனால் முந்நூறுக்கு ஆறு போதுமா, எந்த ஆறு, யார் தெரிந்தெடுத்தது என்று கேட்க வேண்டியது மன்றின் வேலை. இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கரையோரத்தில் பிறந்தவன் என்பதால் அது எனக்கு நெருக்கமானது. ஆழ்கடல் நீரிலுள்ள காபன் பழையது. அதனால் கடலில் வளரும் உயிர்கள் தம் உண்மை வயதைவிடச் சராசரியாக 400 ஆண்டளவு முதியனவாகத் தோன்றும். நாள்தோறும் மீன்குழம்பு சாப்பிடும் ஒருவரின் எலும்பிலும் அந்தக் கடல் முதுமை ஓரளவு ஏறும். எங்கள் குடாநாட்டின் சுண்ணக்கல் இதற்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பல மில்லியன் ஆண்டு பழைய அந்தக் கல்லில் காபன்-14 சிறிதும் இல்லை. அது கரைந்த நீரில் வளரும் சிப்பியும் இறந்து வெகுகாலமானதுபோல நடிக்கக்கூடும். உணவு எவ்வளவு கடலிலிருந்து வந்தது என்பதைக் காபன்-13ஐயும் நைதரசன்-15ஐயும் அளந்து கண்டுபிடித்துத் திருத்தம் செய்யலாம். எந்தத் திருத்தம் செய்யப்பட்டது, செய்தால் முடிவு எவ்வளவு நகரும் என்று ஒரு நிபுணரைக் கூண்டில் ஏற்றி, இரு தரப்பும் குறுக்கு விசாரணை செய்ய, உறவினர்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். விஞ்ஞானம் மன்றுக்குள் நுழைவதற்கு உரிய வாசல் அதுதான். ஒற்றை அறிக்கை பத்திரிகைத் தலைப்பாகி ஊரை வாயடைக்கச் செய்வதை நான் விஞ்ஞானம் என்று ஏற்கமாட்டேன்.

வடக்கில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தொண்டைமானாறு வெளிக்களநிலையத்தைத் தெரியாமலிராது. அதன் வினாத்தாளுக்குப் பயந்து படித்தவர்கள் நாங்கள். களத்தில் மாதிரி எடுக்கும் எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம் பெயர்ச்சீட்டு. களப்பு நீரை ஒரு போத்தலில் எடுத்தால் எங்கே எடுத்தாய், எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத போத்தலை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் அது வெறும் தண்ணீர்தான். தடயவியலின் உயிரும் இதில்தான் இருக்கிறது. குழியிலிருந்து எடுத்த எலும்பு பையில் போகும்போது ஒரு கையெழுத்து, பை அறைக்குள் போகும்போது ஒன்று, ஆய்வுகூடத்தார் பெறும்போது இன்னொன்று. ஒரு கையெழுத்து விடுபட்டாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து நிற்பார்.

எலும்புப் பைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு வழக்குக்கு இல்லை. குழியைத் தோண்டக் கட்டளையிடுபவர் நீதவான். புலன்விசாரணை பொலிசாருடையது. எலும்பு சட்ட வைத்திய அதிகாரியுடையது, மண் தொல்லியலாளருடையது, பணம் நீதி அமைச்சினுடையது, உறவினரின் முறைப்பாடு 2016இன் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தினுடையது, குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா என்பது சட்டமா அதிபருடையது. நீதவானுக்கு இடமாற்றம் கொடுப்பது பிரதம நீதியரசர் தலைமையில் மூவர் கொண்ட நீதிச்சேவை ஆணைக்குழு. எலும்புகளைப் பார்த்துப் பழகிய நீதவான் போய்ப் புதியவர் வந்தால் கோப்பு மறுபடி முதற் பக்கத்திலிருந்து வாசிக்கப்படும். அடுத்த தவணை, அதற்கடுத்த தவணை. எல்லோரும் தத்தம் பங்கைச் செய்ததாகவே சொல்வார்கள், அது பொய்யாகவும் இராது. ஆனால் 1999இன் 15 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், அது என் பொறுப்பு என்று எழுந்து நிற்கக் கடமைப்பட்ட ஒரு பதவி இந்த அமைப்பில் எங்குமே இல்லை. புதைகுழிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. மூன்று தசாப்தங்களில் நாட்டில் ஏறத்தாழ 20 அகழ்வுகள் நடந்தும் பெயர் திரும்பக் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று 2023இல் மனித உரிமை அமைப்புகள் கூடி அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில், புதைகுழி வழக்கொன்றையும் கேட்டுவந்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா உயிர் அச்சுறுத்தல் என்று எழுதி வைத்துப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். இது வடக்குக்கு மட்டும் நேர்ந்த குறையும் இல்லை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தபோது, 1980களின் இறுதியில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மாரும் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

வேகமாக நடந்தால் என்னவாகும் என்பதற்கு மிருசுவில் வழக்கு இருக்கிறது. 2000 டிசெம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிய ஒருவர் ஊருக்கு வந்து சொன்னார். சில நாட்களுக்குள் அதிகாரிகள் முன்னிலையில் குழி தோண்டப்பட்டது. உடல்கள் யாருடையவை, எப்படி இறந்தார்கள் என்பதில் ஐயமே எழவில்லை. அப்படியிருந்தும் கொழும்பு மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2015இல்தான் வந்தது. தண்டனை பெற்ற ஒரே படைச்சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார்.

பெயர்களை மீட்டுக் கொடுத்த நாடுகளும் உண்டு. ஆர்ஜன்ரீனாவில் இராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியவர்களின் குழந்தைகளைத் தேடிப் பாட்டிமார் தெருவில் இறங்கினார்கள். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையைப் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்று அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். விடை தேடித் தந்தவர்களுள் முக்கியமானவர் மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க மரபியலாளர். கலங்களுக்குள் இருக்கும் இழைமணிக்குத் தனியே ஒரு மரபணுத் தொகுதி உண்டு. அது தாயிடமிருந்து மட்டும் வருவது. அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே எழுத்து. ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், எங்கள் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் கிடந்து சிதைந்த எலும்பிலும் அதில் கொஞ்சமாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். 1987இல் அந்த நாடு சட்டம் இயற்றித் தேசிய மரபணுத் தரவு வங்கி அமைத்தது. பொஸ்னியாவில் சிறெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் ஏழாயிரத்தை நெருங்கியோருக்குப் பெயர் மீண்டது. அங்கே கொலையாளிகள் இயந்திரங்களால் குழிகளைக் கிளறி உடல்களை வேறிடங்களுக்கு மாற்றியதில் ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் சிதறிக் கிடந்தன. அதையும் மரபணுவால் ஒன்றுசேர்த்தார்கள். இரு நாடுகளிலும் உறவினரின் மாதிரிகளை வாங்கி வைத்தார்கள். பிள்ளைகளும் எலும்புகளும் அவற்றோடு பொருந்திக்கொண்டன.

இங்கே அந்த முதற்படியே எடுக்கப்படவில்லை. காபன்-14 தன் பாதியை இழக்க 5,730 ஆண்டு எடுக்கும். எலும்பும் காத்திருக்கும், ஈரமில்லாத அறையில் வைத்தால் போதும். 1996இல் 45 வயதாயிருந்த ஒரு தாய்க்கு 2025இல் வயது 74. வீதியோரக் கொட்டகைகளில் காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அவர்களோடு அந்த இழைமணி எழுத்தும் சுடலைக்குப் போயிற்று. சகோதரியிடமும் சகோதரியின் பிள்ளைகளிடமும் அது இருக்கும், தேடினால் எடுக்கலாம். ஆனால் தாயின் மாதிரி ஒன்றே தரக்கூடிய உறுதியை எட்ட, தூரத்து உறவினர் பலரின் மாதிரிகள் வேண்டியிருக்கும்.

மாதிரி எடுக்க ஊசி வேண்டாம். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை அரை நிமிடம் தடவி, பதப்படுத்திய அட்டையில் ஒற்றிக் காயவைத்தால் அது குளிர்சாதனம் இல்லாமலே பல ஆண்டு இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதிக்கு வரும் கூட்டத்தில், மடத்துத் திண்ணையில் ஒரு மேசை போட்டால் வடமராட்சியின் தாய்மார் பலர் அன்றைக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். அட்டையில் பெயர், திகதி, எடுத்தவர், பொறுப்பேற்றவர் என்று நான்கு வரிகள். முதல் மூன்றையும் நிரப்ப எங்கள் ஊர்ப் பிள்ளைகளே போதும். நான்காவது வரியில் ஒப்பமிடக் கொழும்பிலிருந்து ஒருவர் வர வேண்டும்.